மெத்தை போட்டால் சரியாகிவிடாது

சென்னையிலோ கோவையிலோ ஊட்டியிலோ குதிரையேற்றம் சொல்லித்தரும் இடத்தில் சேணத்தைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நல்ல சேணம்னா எல்லாக் குதிரைக்கும் உட்காரும் சார். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா அடியில ஒரு மெத்தை சேத்துப் போட்டா சரியாயிடும்." இதைச் சொல்பவர்கள் குதிரை தெரியாதவர்கள் அல்ல. லாயத்திலேயே வயதைக் கழித்தவர்கள், குளம்பு ஓசையை வைத்தே எந்தக் கால் நொண்டுகிறது என்று சொல்லக்கூடியவர்கள். அவர்கள் வாயால் வருவதால்தான் இந்தக் கருத்துக்கு இவ்வளவு மரியாதை. புதிதாகக் குதிரை வாங்குபவரும் இதை நம்பித் தன் இடுப்புக்குத் தோதான பதினேழு இஞ்ச் சேணம் ஒன்றை எடுத்து, கூடவே தடிமனான ஜெல் மெத்தையும் வாங்கிப் போட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாகிவிடுகிறார். குதிரையின் முதுகை அளக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அனுபவசாலிகள் சொல்கிறார்கள் என்பதற்காக இதை ஏற்க முடியாது. இந்தக் கருத்து தவறு. சேணம் பொருந்தாத முக்கால்வாசிச் சமயங்களில் மெத்தை தொல்லையைக் கூட்டவே செய்கிறது.

சேணம் எதன்மேல் உட்காருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். முதுகின்மேல் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் குதிரையின் முதுகு முழுவதும் பாரம் தாங்காது. விலா எலும்புகள் வந்து சேரும் முள்ளெலும்புகள் 18. அவற்றுக்குப் பின்னால் இடுப்புப் பகுதியில் வழக்கமாக 6. அந்த இடுப்புப் பகுதிக்கு விலாவின் தாங்கல் கிடையாது. ஆகவே கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் போகக் கூடாது. முன்பக்கம் தோள்பட்டை எலும்பு. குதிரைக்குக் காறை எலும்பே இல்லை. முன்னங்கால்கள் உடம்போடு தசையாலும் தசைநாராலும் மட்டுமே கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் கால் முன்னே வீசும் ஒவ்வோர் எட்டிலும் தோள்பட்டையின் மேல்விளிம்பு பின்னோக்கிச் சரிந்து வரும். அதற்கு வழிவிட வேண்டும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே மிஞ்சுகிற இடம்தான் சேணத்துக்கு உரியது. அங்கேயும் நட்டநடுவில் ஓடும் முதுகெலும்பின் நுனிகள்மேல் துளிப் பாரம் விழக் கூடாது. இருபுறமும் நீளவாட்டில் கிடக்கும் தசைதான் சுமக்க வேண்டும்.

இனி சேணம். தோலின் பளபளப்பையும் தையலையும் பார்த்து விலை பேசுகிறோம். உள்ளே மறைந்திருக்கும் சட்டத்தைப் பற்றிக் கேட்பதில்லை. குதிரைக்காரர்கள் அதை 'ட்ரீ' என்பார்கள். பீச் மரத்தின் மெல்லிய தகடுகளை ஒட்டி, இரும்பு வைத்து வலுவேற்றிச் செய்வது பழைய முறை. இப்போது பிளாஸ்டிக் சட்டங்களும் வருகின்றன. எதுவானாலும் அதன் முன்வளைவு, பிடரி முடியும் இடத்தில் மேடிட்டிருக்கும் 'விதர்ஸ்' என்ற தோள்மேட்டின் இருபுறமும் இரண்டு கால்களை இறக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் கால்கள் விரிந்திருக்கும் கோணமும் குதிரையின் உடம்பு சரியும் கோணமும் ஒத்துப்போக வேண்டும்.

சட்டம் குறுகலாக இருந்தால் என்ன ஆகும்? கால்கள் இரண்டும் தோளுக்குப் பின்னாலுள்ள தசையைக் கிள்ளிப் பிடிக்கும். சேணம் முழுமையாக இறங்காமல் முன்பக்கம் தூக்கி நிற்கும். ஏறியவர் பின்னுக்குச் சரிவார். அவருடைய பாரம் கடைசி விலாவின் பக்கம் போய்க் குவியும். இப்போது உங்கள் மெத்தையைப் போடுங்கள். குதிரையின் உடம்பு அந்த மெத்தையின் தடிமன் அளவுக்கு இருபுறமும் அகலமாகிறது. சட்டத்தின் கால்கள் நகரவில்லை. கிள்ளல் இன்னும் இறுகுகிறது. பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைக்கு ஓர் அளவு பெரிய ஷூ வாங்கி, நுனியில் காகிதத்தைத் திணித்துச் சமாளிக்காத வீடு இல்லை. சின்ன ஷூவுக்குள் காகிதம் திணித்தவர் யாரும் இல்லை. லாயத்தில் தினமும் நடப்பது அந்த இரண்டாவது காரியம்.

பெரிய ஷூவின் நிலைமை வேறு. சேணம் தேவையைவிட அகலமாக இருந்தால், அளவறிந்து போடும் மெத்தை ஓரளவு ஈடுகட்டும். வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் வேண்டுமென்றே அகலமான சேணங்களை வைத்து, அடியில் அழுத்தமானியை விரித்து, பலவகை மெத்தைகளைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மெத்தை உதவ முடியும், ஆனால் எந்த மெத்தை உதவும் என்பது குதிரைக்குக் குதிரை மாறும் என்பதே அதில் தெரிந்தது. இதை மெத்தைக் கட்சிக்காரர்கள் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர்கள் அப்படியா செய்கிறார்கள்? குதிரைக்குக் குதிரை மெத்தை மாற்றிப் பார்க்கிறார்களா? ஒரே மெத்தை காலையிலிருந்து பத்து மணிவரை நான்கு முதுகுகள் மாறுகிறது. முதல் குதிரையின் வியர்வை காய்வதற்குள் மூன்றாவதன்மேல் ஏறிவிடுகிறது.

நம் ஊர்ப் பயிற்சி மையங்களில் உள்ள குதிரைகள் பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனம். கிண்டியிலும் பெங்களூரிலும் ஓடியவை. உயரமான தோள்மேடு, ஒடுங்கிய உடல்வாகு. ஓட்டத்தை விட்ட பிறகு தசை இறங்கி, தோள்மேட்டின் இருபுறமும் குழி விழுந்திருக்கும். அதே லாயத்தில் ஒரு மார்வாரி இனக் குதிரையும், குட்டையாக உருண்டு திரண்ட ஒரு மட்டக்குதிரையும் நிற்கும். இந்த மூன்றுக்கும் ஒரே சேணம். ஒன்றின்மேல் முன்வளைவு இறங்கித் தோள்மேட்டு எலும்பையே தொடும். இன்னொன்றின்மேல் பானைமேல் வைத்த பலகை மாதிரி ஆடும். ஆடுவதைத் தடுக்க வயிற்றுவாரை இன்னும் இரண்டு துளை இழுத்துக் கட்டுவார்கள். கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகளிடம் இதை யாரும் பார்க்கலாம். உட்காருகிற பயணி கால்மணிக்கு ஒருவர் மாறுகிறார். ஒவ்வொருவரும் தரையிலிருந்தே இடது அங்கவடியில் காலை வைத்துத் தொங்கி ஏறுகிறார். சேணம் இடப்பக்கம் இழுபட, அதன் எதிர்விளிம்பு தோள்மேட்டின் வலப்பக்கத்தில் போய் அழுத்துகிறது. ஏறுவதற்கு ஒரு சிமெண்டு மேடை கட்ட எவ்வளவு செலவாகும்?

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால், சவாரி முடிந்து சேணத்தைத் தூக்கும் நொடியில் பக்கத்தில் நில்லுங்கள். பொருந்திய சேணமானால் முதுகின் இருபக்கமும் வியர்வை ஒரே சீராகப் படிந்திருக்கும். நடுவில் முதுகெலும்பின் வழியே ஒரு கோடு காய்ந்திருக்கும். பொருந்தாவிட்டால், சுற்றிலும் நனைந்த மயிரின் நடுவே, தோளுக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு மட்டும் உலர்ந்து கிடக்கும். அங்கே வியர்வைச் சுரப்பி வேலை செய்ய முடியாத அளவுக்கு அழுத்தம் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் விரலை வைத்து மெதுவாக அழுத்தினால் தோல் சிலிர்க்கும், குதிரை முதுகைக் கீழே வாங்கும். காதைப் பின்னுக்குத் தள்ளித் தலையைத் திருப்பிப் பார்க்கும். செம்பழுப்புக் குதிரையின் தோளுக்குப் பின்னால் சுண்ணாம்பு தெறித்ததுபோல வெள்ளை மயிர்கள் முளைத்திருப்பதைக் காட்டி, "இது என்ன?" என்று ஒரு லாயத்தில் கேட்டேன். "அது பொறப்புலயே உள்ள புள்ளிங்க" என்றார் குதிரைக்காரர், பிரஷ்ஷை நிறுத்தாமல். இருபுறமும் ஒரே உயரத்தில், சட்டத்தின் கால் முடியும் இடத்தில், அளந்து வைத்ததுபோல் பிறவிப் புள்ளி விழுமா? அழுத்தத்தில் மயிர்க்கால் கெட்டுப் போனால் நிறம் இழந்த மயிர்தான் மறுபடி முளைக்கும்.

அழுத்தம் எவ்வளவு என்பதை ஊகிக்க வேண்டியதும் இல்லை. சேணத்துக்கு அடியில் மெல்லிய உணர்விப் பாயை விரித்து அளக்கும் கருவி வந்து பல வருடங்கள் ஆகின்றன. சராசரி அழுத்தம் 11 கிலோபாஸ்கலையும், ஏதாவது ஓர் இடத்தில் உச்ச அழுத்தம் 30 கிலோபாஸ்கலையும் தாண்டினால் முதுகுவலிக்கு வாய்ப்பு அதிகம் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகக் கையாளும் எல்லை. தோலுக்கு அடியிலுள்ள நுண்குழாய்களில் ரத்தம் ஓடும் அழுத்தம் இதைவிட மிகக் குறைவு. ஆக, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் விழும் அழுத்தம் அங்கே ரத்தத்தை நிறுத்தி வைக்கிறது. மேலே விரலுக்கு மெத்தென்று படும் மெத்தை இந்தக் கணக்கை மாற்றிவிடும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை.

இந்த இடத்தில் மறுதரப்பு தன் பெரிய ஆயுதத்தை எடுக்கும். "ராணுவம் என்ன செஞ்சுது? லட்சக்கணக்கான குதிரை. ஒரே மாதிரிச் சேணம். அடியில் கம்பளியை மடிச்சுப் போட்டு உலகத்தையே சுத்தினாங்களே!" இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். மற்றவை சோம்பலில் பிறந்தவை. இதற்கு மட்டும் வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு அவர்கள் பக்கம் சாயவில்லை என்பதுதான் சிக்கல்.

அமெரிக்கப் படை 1859இல் ஜார்ஜ் மெக்கிளெலன் வடிவமைத்த சேணத்தை ஏற்றுக்கொண்டது. குதிரைப்படை முடிவுக்கு வரும்வரை அதன் வாரிசுகள் புழக்கத்தில் இருந்தன. அந்தச் சேணத்தின் நடுவே முன்னிருந்து பின்வரை திறந்த பிளவு ஒன்று ஓடும். வீரன் அந்தப் பிளவின்மேல்தான் உட்கார வேண்டும். சுகமான இருக்கை என்று யாரும் சொல்ல முடியாது. முதுகெலும்பைத் தொடாமல் காற்றோட்டமாக விடுவதற்காக அப்படிச் செய்தார்கள். ஏறுபவரின் சொகுசை விட்டுக்கொடுத்துக் குதிரையின் முதுகைக் காப்பாற்றிய சேணம் அது. நம்மவர்கள் எடுத்துக்காட்டுவது அதைத்தான்!

பிரிட்டிஷ் படையின் கதை இன்னும் கூர்மையானது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் அவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகமான குதிரைகளை இழந்தார்கள். பெரும்பகுதி பட்டினி, நோய், ஓய்வில்லாத ஓட்டம். அத்தனையையும் சேணத்தின் தலையில் கட்டுவது நியாயம் ஆகாது. ஆனால் அந்த அழிவுக்குப் பின் குதிரைப் பராமரிப்பை அவர்கள் முழுசாக மறுபடி யோசித்தார்கள். 1903இல் ராணுவக் கால்நடை மருத்துவப் படை உருவானது. 1908இல் போர்த்துறை வெளியிட்ட 'அனிமல் மேனேஜ்மெண்ட்' என்ற கையேட்டில் சேணப் பொருத்தம் விரிவாகவே எழுதப்பட்டது. 1912ஆம் ஆண்டு வடிவச் சேணத்தில் பக்கப் பலகைகள் முன்வளைவோடு கீல்போல அசையும்படி அமைந்தன, குதிரை இளைத்தாலும் கொழுத்தாலும் பலகை உடம்போடு படியட்டும் என்று. கம்பளி மடிப்பும் கண்ணை மூடிக்கொண்டு போட்டதில்லை. அணிவகுப்பு நீள நீளக் குதிரை இளைக்கும். தோள்மேட்டுப் பக்கம் தசை வற்றும். அதற்கேற்ப எங்கே ஒரு மடிப்பு கூட்டுவது, முதுகெலும்புக்கு எப்படி வழி விடுவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித்தரப்பட்டது. படைப்பிரிவோடு சேணத் தொழிலாளி கூடவே போனார். சேணத்தை அவிழ்த்ததும் முதுகைத் தடவிப் பார்ப்பது அதிகாரியின் கடமை. பயணத்தில் இறங்கி நடக்கும் நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தது. இவ்வளவு இருந்தும் முதுகுப்புண் குதிரைப்படையின் தீராத தலைவலியாகவே இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் கம்பளியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

புதிய தலைமுறையின் வாதம் வேறு. "அதெல்லாம் பழைய கதை. இப்பத்தான் மாத்திப் போடுற கல்லட் வந்துடுச்சே" என்கிறார்கள். உண்மைதான். வின்டெக் போன்ற நிறுவனங்களின் சேணங்களில் கல்லட் எனப்படும் முன்வளைவு இரும்பை ஸ்க்ரூவைக் கழற்றி மாற்றலாம். மஞ்சள் என்றால் குறுகல், கறுப்பு நடுத்தரம், சிவப்பு அகலம் என்று நிறத்திலேயே அளவு தெரியும். பல குதிரைகள் உள்ள இடத்துக்கு நல்ல வசதி. நானே சிபாரிசு செய்வேன். ஆனால் அது மாற்றுவது முன்பக்க அகலத்தை மட்டும். முதுகு நீளவாட்டில் எப்படி வளைகிறது என்பதை அந்த இரும்பு அறியாது. நடு முதுகு பள்ளமான குதிரையின்மேல் தட்டையான சட்டம் முன்னாலும் பின்னாலும் மட்டும் ஊன்றிப் பாலம்போல நிற்கும். நேர் முதுகுக் குதிரையின்மேல் வளைந்த சட்டம் முன்னும் பின்னுமாக ஊசலாடும். எந்த நிற இரும்பைப் போட்டாலும் இந்த இரண்டும் தீராது. போதாக்குறைக்கு, ஒரு கம்பெனியின் 'மீடியம்' இன்னொரு கம்பெனியின் 'வைட்'. இதற்குப் பொது அளவுகோல் என்று எதுவும் கிடையாது. பெட்டியின்மேல் அச்சிட்ட சொல்லை நம்பி வாங்குபவர் குருட்டாம்போக்கில்தான் வாங்குகிறார்.

சட்டமே இல்லாத சேணம் எல்லா முதுகுக்கும் பொருந்தும் என்ற விளம்பரமும் வருகிறது. சட்டம்தான் கிள்ளுகிறது, அதை எடுத்துவிட்டால் கிள்ளாது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. சட்டத்தின் வேலை கிள்ளுவதா என்ன? ஏறுபவரின் பாரத்தை முதுகின் நீளத்துக்கும் பரப்பிக் கொடுப்பதற்காகத்தான் அது இருக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிலரி கிளேட்டன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஒப்பீட்டில், டிராட் என்ற மிதமான ஓட்டத்தில் உட்கார்ந்தபடி போகும்போது சட்டமில்லாத சேணத்தின் கீழ் பாரம் தாங்கிய பரப்பு குறைவாகவும் அழுத்தம் அதிகமாகவும் இருந்தது. ஆள் உட்காரும் இடத்தின் நேர் கீழே பாரம் குவிந்துவிடுகிறது.

இனி, குதிரை புகார் சொல்லவில்லையே என்ற வாதம். இதற்குத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். குதிரை சொல்லிக்கொண்டே இருக்கிறது. சேணத்தை எடுத்துவரும்போதே காதை மடக்குகிறது, வயிற்றுவாரை இழுக்கும்போது கடிக்க வருகிறது, ஏறியதும் முதுகை வில்லாக வளைக்கிறது, வாலைச் சுழற்றுகிறது, வலப்பக்கக் கேண்டர் ஓட்டத்தில் மட்டும் கால் எடுத்து வைக்க மறுக்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "கொள்ளுன்னா வாயத் திறக்கும், கடிவாளம்னா வாய மூடும்." திமிர் என்று பெயர் வைத்துக் குச்சியால் ஒன்று கொடுக்கிறோம். ஏறியவர் விழுந்தால், குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சிரிக்கிறோம். குழி பறித்தது யார் என்பதைப் பார்ப்பதில்லை. சவாரியின்போது குதிரை காட்டும் நடத்தைகளை வைத்து வலியைக் கண்டுபிடிக்க, பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சூ டைசன் 24 அடையாளங்களைத் தொகுத்திருக்கிறார். காதை மடக்குவது, வாயைத் திறப்பது, வாலை வீசுவது, கண் வெறிப்பது என்று பட்டியல் போகும். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு அல்லது தசை வலி இருக்க வாய்ப்பு மிகுதி. லாயத்தில் நாம் திமிர்க் கணக்கில் எழுதுபவற்றில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கும்.

எல்லாப் பழியையும் சேணத்தின்மேல் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிந்தால் சேணம் கோணல் என்றோ, ஏறுபவர் கோணல் என்றோ சொல்வது வழக்கம். லினே கிரேவ், சூ டைசன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பின்னங்கால் நொண்டல் உள்ள குதிரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சேணம் ஒரு பக்கமாகச் சரிந்தது. கால் நரம்பை மரத்துப்போகச் செய்து நொண்டலை நீக்கியதும் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் சேணம் நேராக நின்றது. அங்கே ஒரு பக்கம் மெத்தை சொருகிச் சேணத்தை நிமிர்த்துபவர் என்ன செய்கிறார்? நொண்டலுக்குத் திரை போடுகிறார்.

இவ்வளவு நேரம் குதிரையைப் பற்றியே பேசியதால், சேணத்தில் ஏறுபவர் ஒரு பொருட்டில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி ஓர் எதிர்க்கட்சியும் இருக்கிறது. குதிரைக்குப் பொருந்தினால் போதும், மனிதர் அனுசரித்துக்கொள்ளட்டும் என்பது அவர்கள் பேச்சு. கருணைபோலத் தோன்றினாலும் இதுவும் கடைசியில் குதிரை முதுகில்தான் வந்து விழுகிறது. சேணத்தின் இருக்கையை முன்பக்கக் குமிழிலிருந்து பின்மேட்டின் நடுவரை அளப்பார்கள். பெரியவர்களுக்கு 16 முதல் 18 அங்குலம் வரை வருவது சாதாரணம். தொடை நீளமான ஒருவர் சின்ன இருக்கையில் உட்கார்ந்தால் அவர் இருக்கையின் நடுவில் இருக்க முடியாது, பின்மேட்டின்மேல் ஏறிவிடுவார். குதிரைக்கு அச்சாகப் பொருந்திய சேணமாக இருந்தாலும் பின்பாதி முழுப் பாரத்தையும் வாங்கி, கடைசி விலாவின் தசையில் அழுத்தும். நியூமார்க்கெட்டில் டைசன் குழுவினர் ஆறு குதிரைகளையும் வெவ்வேறு எடையுள்ள நான்கு பேரையும் வைத்துச் செய்த முன்னோடி ஆய்வில், எடை கூடியவர்கள் ஏறிய ஓட்டங்களைப் பெரும்பாலும் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம் எடை மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. சேணம் அந்த ஆளுக்குப் போதாமல் அவர் பின்மேட்டில் உட்கார்ந்ததும் கணக்கில் வர வேண்டியதே.

அங்கவடி தொங்கும் இரும்பின் இடமும் அப்படித்தான். அது சட்டத்தில் முன்னே தள்ளிப் பதிந்திருந்தால் ஏறுபவரின் கால் முன்னுக்குப் போகும், உடம்பு நாற்காலியில் சாய்ந்ததுபோல் பின்னுக்குப் போகும். நிலை தவறும்போது அவர் எதைப் பிடிப்பார்? லகானை. முதுகில் தொடங்கிய தவறு வாயில் போய் முடிகிறது. பயிற்சியாளர் நின்றுகொண்டு "காலைப் பின்னாடி வை, காலைப் பின்னாடி வை" என்று மாதக்கணக்கில் கத்துவார். கத்தும் நேரத்தில் அந்த இரும்பை ஒருமுறை பார்த்திருக்கலாம். குழந்தையைப் பெரியவர் சேணத்தில் உட்கார வைப்பதும் இதே வகைதான். நடுவில் நிற்காமல் முன்னும் பின்னும் வழுக்கும் பாரம் குதிரைக்கு ஒவ்வோர் எட்டிலும் ஓர் அடி. ஆக, குதிரைக்கா மனிதருக்கா என்று பஞ்சாயத்து வைக்கவே இடமில்லை. ஒருவருக்குப் பொருந்தாத சேணம் இருவருக்கும் பொருந்தவில்லை.

விலைக்கு வருகிறேன். உண்மையான தடை அதுதான் என்பது எனக்குத் தெரியும். லண்டனிலோ பெர்லினிலோ தைத்த சேணத்தை இங்கே வரவழைத்தால் ஒரு குதிரையின் விலைக்கே வந்து நிற்கும். பிரிட்டனில் சேணம் பொருத்துவதே தனித் தொழில். மாஸ்டர் சாடலர்ஸ் சங்கத்தில் பயின்று தகுதி பெற்றவர்கள் லாயத்துக்கே வந்து பார்ப்பார்கள். அப்படி ஒருவரை இங்கே தேடினாலும் எளிதில் கிடைக்க மாட்டார். ஆனால் சேணம் செய்யும் கை நம் நாட்டில் இல்லாமல் போய்விடவில்லை. கான்பூரின் சேணப் பொருள்களுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிற சேணங்கள் அங்கே தைக்கப்படுகின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர் அளவு கொடுத்து வாங்குகிறார். நாம் போன் போட்டு "நல்லதா நாலு அனுப்புங்க" என்கிறோம்.

அளவு எடுப்பதும் அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. வளைத்தால் வளைந்தபடி நிற்கும் கம்பியோ, படம் வரைபவர்கள் வைத்திருக்கும் வளையும் அளவுகோலோ போதும். குதிரையைச் சமதரையில் நான்கு காலும் சதுரமாக ஊன்றி, தலை நேராக இருக்கும்படி நிறுத்த வேண்டும். தோள்பட்டைக்கு இரண்டு விரல் பின்னால் ஒரு வளைவு, முதுகின் நடுவில் ஒரு வளைவு, கடைசி விலாவுக்கு நேரே ஒன்று, பிறகு நீளவாட்டில் ஒன்று. ஒவ்வொன்றையும் அட்டையில் வரைந்து வெட்டி, குதிரையின் பெயரும் தேதியும் எழுதிச் சேண அறையில் மாட்டிவிடலாம். தேதி கட்டாயம் வேண்டும். கிரேவும் டைசனும் போட்டிக் குதிரைகளின் முதுகை ஓராண்டு முழுக்க அளந்து, அது வேலைக்கும் எடைக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். பந்தயத்திலிருந்து வந்த குதிரை ஆறு மாதம் தின்று தேறினால் முதுகு வேறு வடிவம் எடுத்துவிடும். அன்று பொருந்திய சேணம் இன்று பொருந்துவதாக எண்ணிக்கொள்வதும் மெத்தை நம்பிக்கையின் தம்பிதான்.

சேணத்தை வைத்துப் பார்க்கும் முறையிலும் ஒரு குறுக்குவழி புகுந்துவிட்டது. முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே மூன்று விரல் போனால் சரி என்று ஆள் ஏறாமலே பார்த்துவிட்டுப் போவார்கள். ஆள் ஏறியதும் அந்த மூன்று இரண்டாகும்; ஒரு சுற்று ஓடியபின் இன்னும் இறங்கும். தோள்மேட்டின் பக்கவாட்டில் விரல் போகிறதா என்று பார்ப்பவரே இல்லை, கிள்ளல் நடப்பதோ அங்கேதான். மெத்தை, விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, வெறும் முதுகில் சேணத்தைச் சற்று முன்னால் வைத்துப் பின்னுக்கு நகர்த்தினால் அது தானாக ஓர் இடத்தில் நிற்கும். அங்கே இருக்கையின் மிகத் தாழ்ந்த இடம் நடுவில் இருக்கிறதா, சேணத்தோடு சேர்த்துத் தைத்த அடிமெத்தைக்குக் கீழே கையை முன்னிருந்து பின்னாக ஓட்டும்போது எங்காவது இடைவெளியோ முட்டலோ தெரிகிறதா, பின்னாலிருந்து பார்த்தால் நடுக்கால்வாய் வழியே வெளிச்சம் முன்பக்கம்வரை தெரிகிறதா, அந்தக் கால்வாய் மூன்று நான்கு விரல் அகலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிமெத்தைக்குள் அடைத்த கம்பளி நாளடைவில் கட்டிதட்டிப் போகும். உள்ளங்கைக்குக் கூழாங்கல்போலத் தட்டுப்படும். அதைப் பிரித்து உதிர்த்து மறுபடி நிரப்பப் புதுச் சேணத்தின் விலையில் சிறு பகுதியே ஆகும்.

பத்துக் குதிரைக்குப் பத்துச் சேணம் வாங்கச் சொன்னால் பள்ளியையே மூட வேண்டியதுதான் என்பார்கள். பத்து வேண்டாம். அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாலே எந்தெந்தக் குதிரைகள் ஒரே அகலம், ஒரே வளைவு என்று பிரிந்துவிடும். இனம் பார்த்து வாங்கிய லாயத்தில் அவை சில குழுக்களாகத்தான் வரும். ஒவ்வொரு குழுவுக்கும் ஏற்ற அகலத்தில், இருக்கை அளவில் இரண்டு மூன்று வகை. எந்தச் சேணம் எந்தக் குதிரைக்கு என்று கதவில் எழுதி ஒட்டுவது. இதற்கு மேலும் ஒரு குதிரை எதிலும் அடங்காமல் மிஞ்சினால், அதற்கு ஏற்ற சேணம் வரும்வரை அதை ஏற்றாமல் நீண்ட கயிற்றில் ஓடவிட்டுப் பழக்கலாம், குடி முழுகிவிடாது.

மாதக் கட்டணம் கட்டுகிற பெற்றோருக்கு ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு: இந்தக் குதிரைக்கு இந்தச் சேணத்தைப் போட்டுப் பார்த்தது யார், கடைசியாக எப்போது? "மெத்தை போட்டிருக்கோம்ல" என்று பதில் வந்தால், மெத்தையை எடுத்துவிட்டுச் சேணத்தை வெறும் முதுகில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு இணங்காத இடத்தில் பிள்ளையை ஏற்றிவிடாதீர்கள்.